ஃபேனை நிறுத்துகிறவன்

போன மாதம் நிரோஷா எனக்குப் போன் எடுத்தாள். நான் பென்சன் எடுத்த பிறகு, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் என் இடத்துக்கு வந்த சிற்றூழியர் அவள்.

"அண்ணன், ஒரு சந்தோஷமான செய்தி. சின்னாக்களின்ட கிளினிக் அறைக்கு ஏசி பூட்டியாச்சு. அந்தக் கிறீச் கிறீச் ஃபேனைக் கழற்றி எறிஞ்சிட்டாங்க."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கேள்விதான்.

"ஏசிக் காத்து எந்தப் பக்கத்தால வருது புள்ள? டொக்டர்ர மேசைக்கு நேராவா?"

"என்ன கேள்வி அண்ணன் இது?"

"கடதாசி ஆடுதா எண்டு கேக்கிறன்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "ரெண்டு வருஷமாச்சு, இன்னும் உங்கட கை சுவிச்சில இருந்து இறங்கேல்ல. இதை எழுதித் தாங்களன். பிரிவுக்கு ஒரு நினைவு மலர் போடப்போறம். உங்கட கட்டுரை இல்லாமப் போட ஒண்ணாது."

நான் கடைசியாகக் கட்டுரை எழுதியது எட்டாம் வகுப்பில். 'நான் ஒரு தபால்பெட்டி' என்று தலைப்பு. எல்லாரும் தபால்பெட்டியின் பெருமைகளை எழுத, நான் மழைத்தண்ணி உள்ளே போனால் கடிதங்களுக்கு என்ன நடக்கும் என்று ஒரு பக்கம் கவலைப்பட்டு, நேரம் முடிந்து, பாதியில் கொடுத்தேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடமும் பாதியில் நின்றது. அப்பாவுக்குச் சுகமில்லை என்பது வீட்டில் சொன்ன காரணம். கணித சேரிடம் எனக்குப் பயம் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த காரணம்.

அரிசி ஆலையில் சில வருஷம் மூட்டை தூக்கினேன். மூட்டை காலில் விழும் என்று பயந்து பயந்தே தூக்கினபடியால் ஒரு தடவையும் விழவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக எடுத்தார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை: தள்ளுவண்டியை எப்படித் திருப்புவது, இரத்தம் எடுத்த குழாயை எப்படிக் குலுக்காமல் கொண்டுபோவது, மிஸ்ஸிமார் என்கிற தாதிமாரிடம் எப்போது வாயைத் திறக்கக்கூடாது. மூன்றாவதை மட்டும் நான் சரியாகப் படிக்கவில்லை.

கவலைப்படுவதில் எனக்குத் தனித் திறமை இருந்தது. அலுமாரியைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் பாலத்தில் பாதி தூரம் சைக்கிள் மிதித்த பிறகு, தேத்தண்ணிக் கேத்தலை நிறுத்தினேனா என்று கிறுகித் திரும்பி வருவேன். ஒரு தரமும் அது கொதித்துக்கொண்டிருந்ததில்லை. காவலாளி என்னைக் கண்டதும், "கேத்தலா, அலுமாரியா இண்டைக்கு?" என்று கேட்பார்.

இப்படிப்பட்டவனைத்தான் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் போட்டார்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள் வரும் கிளினிக். சில பிள்ளைகளுக்கு மனம் சில கிழமை உச்சத்தில் நிற்கும். நித்திரையே தேவைப்படாது, பேச்சு நிற்காது, உலகமே தன்னுடையது போலிருக்கும். பிறகு அதே பிள்ளை கட்டிலை விட்டு எழும்பாது, சாப்பிடாது. இருதுருவ மனநிலைக் கோளாறு என்று கொப்பியில் எழுதுவார்கள். பைபோலர் என்று சொல்லுவோம். எங்கள் கிளினிக்கில் அப்படியான சில பிள்ளைகளுக்கு லிதியம் என்ற குளிசை கொடுப்பார்கள். அது வருஷக்கணக்கில் போடவேண்டிய குளிசை. குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் உடம்புக்கு ஆபத்து. அதனால் குறித்த நாட்களில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரவுக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, காலைக் குளிசை போட முதல் எடுக்கவேண்டும். காலையில் குளிசையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி அனுப்பியே எனக்கு நரை வந்தது.

எங்கள் டொக்டரை எல்லாரும் மெடம் என்போம். குறைவாகப் பேசுகிற மனுஷி. மேசையில் கறுப்பு, நீலம், சிவப்பு என்று மூன்று பேனை. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், பேனைகளை நேராக்குவார். மூன்றும் ஏற்கெனவே நேராக இருந்தால் கலைத்துவிட்டு நேராக்குவார். அதைக் காணும் தாதிமார் மெதுவாக அறையை விட்டு வெளியேறுவார்கள்.

பிள்ளை வந்து இருந்ததும் முதல் கேள்வி பிள்ளைக்குத்தான், தாய்க்கு இல்லை. நித்திரை எப்படி? தண்ணி குடிக்கிறியா? பள்ளிக்கூடத்தில ஆரோட இருக்கிறாய்? இந்த ஒழுங்கு மாறவே மாறாது. கடைசியில் என்னைப் பார்க்காமலே "அண்ணன்" என்பார். நான் ஃபேனை நிறுத்துவேன். அது பழைய ஃபேன், நிற்க மனமில்லாமல் சுற்றும். கடைசிச் சுற்று நிற்குமட்டும் அவர் காத்திருப்பார். பிறகு பிள்ளை இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கும். அதன்மேல் ஒரு மெல்லிய கடதாசியை வைத்து, கடிதம் வாசிக்கிற மாதிரி அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "ம்" என்பார். நான் ஃபேனைப் போடுவேன்.

கடதாசி எதற்கென்று எனக்குத் தெரியும். அந்தக் குளிசைக்குக் கை நடுங்கலாம். சின்ன நடுக்கம் கடதாசியின் ஓரத்தில் பெரிதாகத் தெரியும். ஆனால் ஃபேனை ஏன் நிறுத்தச் சொல்கிறார்? மெடமுக்குப் பீனிசம், ஃபேன் காற்று ஆகாது என்று நானே முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு விட்டேனா? புதிதாக வந்த மிஸ்ஸிமாருக்கெல்லாம், "மெடமுக்குப் பீனிசம், கவனம்" என்று சொல்லியும் வைத்தேன். ஒரு மிஸ்ஸி அவருக்கு இஞ்சித் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க, ஏனென்று தெரியாமல் அவரும் குடித்தார்.

தர்ஷிகா வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. தர்ஷிகா அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது கடைசியில் வரும். தன்னாமுனைப் பக்கம், வாவிக்கரையில் வீடு. தகப்பன் இறால் பிடிக்கிறவர். ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு மாதம் இருந்து தேறியிருந்தாள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் மெடம் தாய் ரஞ்சிதத்தையும் அவளையும் பக்கத்துப் பக்கத்தில் இருத்தி, வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார்.

"இது காய்ச்சல் குளிசை மாதிரி இல்லையம்மா. சுகமா இருக்கேக்கையும் போடவேணும். சுகமா இருக்கிறதே அதாலதான்."

"எத்தனை நாளைக்கு மெடம்?"

"நாளால சொல்ல ஒண்ணாது. வருஷக்கணக்கு. ஒவ்வொரு வருஷமும் இருந்து கதைப்பம், இவவையும் வெச்சுக்கொண்டு."

ரஞ்சிதம் விரல்விட்டு ஏதோ எண்ணினாள். "கலியாண வயசிலயுமா?"

"அதையும் அந்த நேரம் கதைப்பம்."

தர்ஷிகா யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் குண்டாயிருவனா?"

"கொஞ்சம் நிறை கூடலாம். தாகம் எடுக்கும். கை மெல்லமா நடுங்கலாம். உன்னட்ட ஒளிக்கமாட்டன். எது கரைச்சலா இருந்தாலும் இஞ்ச வந்து சொல்லு, மாத்திப் பாப்பம். நீயா மட்டும் நிப்பாட்டாத."

பிறகு தாயிடம் சொன்னார்: தண்ணியையும் உப்பையும் திடீரென்று குறைக்க வேண்டாம், நோவுக்குக் கடையில் குளிசை வாங்க முதல் எங்களைக் கேளுங்கள், வாந்தியோ வயிற்றோட்டமோ என்றால் காத்திருக்காமல் வாருங்கள். போதுமான அளவு சொன்னார். எனக்குப் போதவில்லை.

என் வீடும் அந்தப் பக்கம்தான். வேலை முடிந்து போகும்போது கிளினிக் திகதியை ஞாபகப்படுத்திவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். திகதியைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். நான் முக்கால் மணித்தியாலம் நின்றேன்.

"அக்கா, கை நடுக்கத்தைக் கவனமாப் பாக்கவேணும். கூடிச்செண்டா பொல்லாத விசயம்."

ரஞ்சிதத்தின் முகம் வெளிறியது. "எப்பிடித் தம்பி பாக்கிறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தவன் போல, சுவரில் இருந்த கலண்டரில் முந்தினநாள் தாளைக் கிழித்தேன். தர்ஷிகாவைக் கை நீட்டச் சொல்லி, விரலில் வைத்து, மெடம் மாதிரியே ஓரத்தைப் பார்த்து, மெடம் மாதிரியே "ம்" என்றேன். "காலையில ஒவ்வொரு நாளும் இப்பிடிப் பாருங்க. ஆடிச்செண்டா கவனம்." தாளுக்கும் பஞ்சமில்லை, நாளுக்கு ஒன்று கிழியும் என்று எண்ணிப் பெருமையாகச் சைக்கிளில் ஏறினேன். ஆடினால் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

அது கச்சான் காற்று பலமாக அடிக்கிற காலம். அந்த வீட்டு வாசல் வாவியைப் பார்த்தது.

மூன்று கிழமை கழித்து, ஒரு பகல், தகப்பன் சாரத்தோடும் ஈரத்தோடும் வாட்டு வாசலில் நின்றார். பின்னால் முச்சக்கர வண்டியில் ரஞ்சிதமும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தர்ஷிகாவை நடுவில் வைத்துப் பிடித்திருந்தார்கள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்னைக் கண்டதும், "மாமா, வாங்க, உங்களுக்கும் இடமிருக்கு, அக்கரைக்குப் போவம்" என்றாள். காலையில் தகப்பனின் தோணியைத் தனியே தள்ளிக்கொண்டு வாவி நடுவுக்குப் போயிருக்கிறாள். எழுந்து நின்று, ஊரையே ஏறச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தக் காற்றில் தோணி கவிழ்ந்துவிட்டது. தகப்பனும் இன்னொருவரும் நீந்திப் போய்த்தான் பிடித்திருக்கிறார்கள். கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாளாம்.

ஊசி போட்டு, அவள் நித்திரையான பிறகு மெடம் ரஞ்சிதத்தைக் கிளினிக் அறைக்குக் கூப்பிட்டார். நான் சுவிச்சுக்குப் பக்கத்தில், என் இடத்தில் நின்றேன்.

"குளிசையை நிப்பாட்டினீங்களா அம்மா?"

"ஓம் மெடம். ரெண்டு கிழமை. கை நடுங்கிச்சு. முதல் நாளே கடதாசி ஆடிச்சு. அடுத்த நாளும். மறுகா ஒரு நாள் பறந்தே போயிட்டு. பொல்லாத விசயமாமே, புள்ளைக்கு ஏதும் நடந்திரும் எண்டு பயந்து..."

"கடதாசியா? ஆர் பழக்கினது?"

ரஞ்சிதம் பாவம், என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நிலத்தைப் பார்த்தாள். நிலத்தைப் பார்க்கிற வழியில் என் கால் இருந்தது.

மெடம் பேனைகளைக் கலைத்தார். நேராக்கினார். திரும்பக் கலைத்தார்.

"அண்ணன். ஃபேனைப் போடுங்க."

போட்டேன். அவர் தன் கைகளை நீட்டி, விரல்மேல் ஒரு கடதாசியை வைத்தார். அது துடித்து, கிளம்பி, மேசைக்குக் கீழே போய் விழுந்தது.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். கடைசிச் சுற்று நிற்குமட்டும் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு கடதாசி வைத்தார். அது மேசையில் கிடப்பது போலக் கிடந்தது.

"இவ்வளவு காலமும் நான் ஃபேனை ஏன் நிப்பாட்டச் சொன்னன் எண்டு நினைச்சீங்க?"

பொய் சொல்ல எனக்கு அவகாசம் இருக்கவில்லை. "பீனிசம் எண்டு மெடம்."

மெடம் கீழே விழுந்த கடதாசியைக் குனிந்து எடுத்தார். பிறகு அவர், "அப்ப அந்த இஞ்சித் தேத்தண்ணி..." என்றார். முடிக்கவில்லை. சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அம்மா, சின்ன நடுக்கம் இருந்தாலும் அதுக்காக நிப்பாட்டுறதில்ல. எங்களட்ட வாறது. திடீரெண்டு நிப்பாட்டினா வருத்தம் இப்பிடித் திரும்பி வரும். இது உங்கட பிழை இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கட பிழை. என்னுடையதும். எதுக்கெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல."

வேலை போய்விடும் என்று நினைத்து, வீட்டில் போய் அரிசி ஆலை முதலாளியின் நம்பரைத் தேடினேன். அடுத்த நாள் மெடம் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போற பிள்ளைகளின்ட தாய் தகப்பனுக்கு எதெதுக்குப் பயப்படவேணும் எண்டு நீங்க எழுதிக்கொண்டு வாங்க" என்றார். நான் இருபத்திமூன்று விஷயம் எழுதினேன். வாவி முதலையும் அதில் இருந்தது. அவர் சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டே போனார். நாலு மிஞ்சியது: வாந்தி வயிற்றோட்டம், நடையில் தள்ளாட்டம், நாக்குக் குளறல், கோப்பையைப் பிடிக்க முடியாத பெரிய நடுக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. "மற்ற பத்தொன்பதும்?" என்று கேட்டேன். "அது உங்களுக்கு" என்றார். ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் அந்த நாலையும், ஃபேன் கதையையும் சொல்லுவது என் தண்டனை. ஓய்வு பெறுமட்டும் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் மறக்கவில்லை.

தர்ஷிகா திரும்பத் தேற நாலு மாதம் போனது. பதினோராம் வகுப்பில் எடுக்கிற சாதாரண தரப் பரீட்சையை ஒரு வருஷம் பிந்தித்தான் எடுத்தாள். அந்த ஒரு வருஷம் என் கணக்கில் இருந்தது. அதனால் அவளை எங்கே கண்டாலும் விடமாட்டேன். பஸ் தரிப்பில் அவளுடைய கூட்டாளிகள் நாலு பேர் நிற்க, ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே, "குளிசை போட்டியா மகள்?" என்று கேட்டிருக்கிறேன். அதன்பிறகு என் சைக்கிளைத் தூரத்தில் கண்டால் அவள் ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவாள். ரோட்டைப் பார்த்துக் கடக்கவேணுமே என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

இவ்வளவையும் கொப்பியில் எழுதி முடித்து, டைப் பண்ண ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடைக்கு என்று இப்போது சொல்லலாம். போட்டோக்கொப்பி எடுக்கிற, டைப் அடிக்கிற கடை, தர்ஷிகாவுடைய கடை. வயது இருபத்தைந்து ஆகிறது. அவளைக் கேட்காமல் இதைக் கொடுக்கக்கூடாது என்பது என் கவலைகளில் ஒன்று.

"அஞ்சு நிமிஷம் இருங்க மாமா" என்று கதிரையைக் காட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். கடையில் புழுக்கம். தலைக்கு மேல் ஃபேன் இருந்தது, ஓடவில்லை. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, "கடதாசி பறக்கும், அதால போடுறதில்ல" என்றாள், கொப்பியிலிருந்து கண் எடுக்காமல்.

தோணி வந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். பஸ் தரிப்பு வந்ததும் சிரித்தாள். முடித்துவிட்டு, "பேரை மாத்துங்க" என்றாள். "தர்ஷிகா எண்டு போடுங்க. பள்ளிக்கூடத்தில அந்தப் பேரில எனக்குப் பிடிக்காத ஒருத்தி இருந்தாள்."

"மாத்துறன். வேற?"

அவள் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள் என்று எழுத ஆசை. உண்மையில் யாரோ அடையாள அட்டை கொப்பி எடுக்க வர, அவள் எடுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் சொன்னாள்.

"அந்தக் கடதாசி. காத்தும் அடிச்சது மாமா. நானும் ஆட்டினன்."

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு அப்ப அந்தக் குளிசை வேணாம் எண்டு இருந்தது. முகமெல்லாம் பரு, பாவாடை இறுகிப்போச்சு, வகுப்பில எந்த நேரமும் தண்ணிப் போத்தல். நீங்க வந்து அம்மாக்கு அதைப் பழக்கிட்டுப் போனீங்களா, எனக்கு வழி கிடைச்சிட்டு. காத்தில்லாத நாளில நானே ஆட்டினன். பறந்ததெண்டு அம்மா சொன்னாவே, அது நான் ஊதினது."

பத்து வருஷம். பத்து வருஷமாக வாவியைக் கடக்கிற ஒவ்வொரு தரமும் அந்தக் கவிழ்ந்த தோணியை மனசில் பார்த்தவன் நான். கோபப்படுவதா, ஆறுதல்படுவதா என்று தெரியாமல், "அப்ப அந்த ஃபேன் கதையை வெட்டிவிடவா?" என்று கேட்டேன்.

"வேணாம், இருக்கட்டும். பிழை பிழைதானே. ஆனா இதையும் எழுதுங்க: அந்த வயசில என்னட்ட எல்லாரும் குளிசை போட்டியா எண்டுதான் கேட்டாங்க. மெடம் மட்டும்தான் வேற கேள்வியும் கேட்டா. ரெண்டாந்தரம் வாட்டில இருந்து வரேக்க, எது கரைச்சல் எண்டு ஒண்டொண்டாக் கேட்டு, அளவு மாத்தி, பருவுக்கும் மருந்து தந்து... அதுக்குப் பிறகு நான் ஒரு நாளும் ஆட்டேல்ல. அண்டையில இருந்து ஒருத்தரும் கேக்காம, நானே போட்டன்."

"இப்பவும்?" என்று வாய் தவறிவிட்டது.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பஸ் தரிப்பு முழுக்க இருந்தது. பிறகு மெஷினிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "மாமா, கையை நீட்டுங்க."

நீட்டினேன். விரல்மேல் தாளை வைத்தாள். அது சாகப்போகிற மீன் மாதிரித் துடித்தது.

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"நிண்டுதான் கிடக்கு" என்றாள் தர்ஷிகா.